வீடு பூட்டியிருந்தது

பிரிவுபசாரக் கூட்டம் என்றாலே எனக்குச் சற்றுப் பயம். கல்யாண வீட்டில் ஏதாவது பேசிவிடலாம். துக்க வீட்டில் பேசாமல் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். இரண்டும் கலந்த இந்தக் கூட்டத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. போதாக்குறைக்கு, கதை எழுதுகிறவன் என்று தெரிந்தால் மைக்கைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

2022-ஆம் வருஷம் மே மாதக் கடைசியில், நான் படித்த பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு கூட்டம் நடந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அரசாங்க உதவி பெறும் பள்ளிக்கூடம். அரசாங்கப் பள்ளி உபாத்தியாயர்களுக்கு ஊர் ஊராக மாற்றல் உண்டு. இந்த மாதிரிப் பள்ளிக்கூடத்திலோ, இருபத்துநாலு வயதில் ஒரு வாசலுக்குள் நுழைந்தவர் அறுபது வயதில் அதே வாசல் வழியாக வெளியே வர வேண்டியதுதான். தமிழையாவும் கணக்கு சாரும் 1986-இல் ஒரே வாரத்தில் நுழைந்தவர்கள். ஒரே நாளில் வெளியே வருகிறார்கள். இருவருக்கும் சர்ட்டிபிகேட்டில் மே மாதம்தான் பிறந்த நாள். அந்தக் காலத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்திருப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். பிள்ளையைச் சேர்க்க வரும் தகப்பனாருக்குத் தேதி நினைவிருக்காது. ஹெட்மாஸ்டர் பள்ளிக்கூடம் திறக்கும் நாளுக்குத் தோதாக ஒன்றை எழுதிக்கொள்வார். முதல் நாளன்று யாரோ ஒருவர் மனத்தில் தோன்றிய தேதி, அறுபது வருஷம் காத்திருந்து கடைசி நாளையும் தீர்மானித்துவிடுகிறது.

வாஸ்தவத்தில் இந்த விழா 2020-இலேயே நடந்திருக்க வேண்டும். அப்போது ஓய்வு பெறும் வயது ஐம்பத்தெட்டு. விழாவுக்கு ஏற்பாடெல்லாம் ஆன பிறகு, கொரோனா வந்து பள்ளிக்கூடத்தை மூடியது. அந்த மே மாதமே அரசாங்கம் வயதை ஐம்பத்தொன்பது ஆக்கிற்று. மறு வருஷம் அறுபது ஆக்கிற்று. வாழ்த்து மடலைப் பழைய மாணவர் ஒருவர் முன்பே அச்சடித்துக் கண்ணாடிச் சட்டமும் போட்டுவிட்டார். ஆகவே, "முப்பத்துநான்கு ஆண்டுகள்" என்றிருந்த இடத்தில் "முப்பத்தாறு" என்று ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டியிருந்தார்கள். தமிழையா அதைக் கையில் வாங்கியதும், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒட்டுக் காகிதத்தின் கீழே வல்லெழுத்து மிகாமல் விட்ட ஓரிடத்தைக் கண்டுபிடித்தார். கூட்டம் முழுவதும் சிரித்தது. தமிழையா முக்கால் மணி நேரம் பேசினார். அவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அன்றிரவே அவர் வேறொரு கூட்டத்தில் பேசியிருப்பார்.

என் பேச்சுக்கு நான் கும்பகோணத்தையே துணைக்கு அழைத்திருந்தேன். அங்கே கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியார், 1880-இல் வேலையிலிருந்து விலகியபோது, தம் நாற்காலியில் உ. வே. சாமிநாதையரைத்தான் உட்கார்த்த வேண்டும் என்று ஒரே பிடியாக நின்று சாதித்தார். அந்த நன்றியை ஐயர் மறக்கவில்லை. பின்னாளில் சென்னை திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் தியாகராஜ விலாசம் என்று பெயர் வைத்தார். இதைச் சொன்னதும் நல்ல கைதட்டல். அந்த வீடு 2012-இல் இடிபட்டுப் போனதை நான் சொல்லவில்லை. நல்ல காரியத்தில் இடிந்த வீடு எதற்கு?

கணக்கு சார் இரண்டே நிமிஷம் பேசினார். "எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தேன். அடித்திருந்தால் மன்னித்துவிடுங்கள்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

வழக்கப்படி எல்லோருமாக அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டோம். மாலையோடு ஒரு காரில் அவரும் அவர் மனைவியும். பின்னால் மோட்டார் சைக்கிள்களில் சக ஆசிரியர்கள். வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். கேசரியும் காப்பியும் ஆயிற்று. ஆறு மணிக்கு எல்லோரும் கிளம்பிவிட, எனக்கு மட்டும் கிளம்பத் தோன்றவில்லை. திண்ணையில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். மாலையைக் கழற்றி வைத்த பிறகும் சட்டையில் ரோஜா இதழ் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா, உன் பெஞ்சிலே ஜன்னலோரம் ஒருத்தன் உட்கார்ந்திருப்பானே, அவன் எங்கே இருக்கிறான்?" என்று கேட்டார்.

அந்தப் பையனின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவனுக்கும் இப்போது பிள்ளை குட்டிகள் இருக்கலாம். எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வட்டிக் கணக்கை வாயாலேயே போடுவான். நான் அவன் வாயைப் பார்த்து எழுதுவேன். கணக்கில் நான் தேறியதெல்லாம் அப்படித்தான். அவன் தகப்பனார் கொடிக்காலில் கூலி வேலை பார்த்தவர். பொங்கலுக்குப் பிறகு அவர் படுத்துவிட்டார். பையன் வெற்றிலை கிள்ளப் போய்விட்டான். வகுப்பில் ஜன்னலோரம் காலியாயிற்று. அங்கே காற்று நன்றாக வரும் என்று நான் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"தெரியவில்லை சார். திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்."

"பனியன் கம்பெனிக்கு. அது அந்த வருஷம் லீவிலே. அதற்கு முன்னாலே நான் இரண்டு தரம் அவன் வீட்டுக்குப் போனேன். அப்பா சரியென்றார், அவன்தான் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான். மூன்றாம் தரம் உன்னை அனுப்பினேன். உன் பேச்சைக் கேட்பான் என்று நினைத்தேன்."

எனக்குக் காப்பி தொண்டையில் நின்றது.

"வீடு பூட்டியிருந்தது என்று வந்து சொன்னாய். மறுநாள் நானே போயிருக்கலாம். வீட்டிலே அப்போது குழந்தை பிறந்து பத்து நாள். போகவில்லை. அப்புறம் பரீட்சை வந்துவிட்டது." சற்று நிறுத்தி, "முழுப் பரீட்சைக்கு மட்டும் வந்து உட்கார்ந்திருந்தால் போதும். எட்டாவது பாஸ் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம்" என்றார்.

எட்டாவது பாஸுக்கு என்ன மதிப்பு என்று நீங்கள் நினைக்கலாம். லாரி ஓட்டும் லைசென்ஸுக்கே எட்டாவது தேறியிருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2019-இல்தான் அதை எடுத்தார்கள்.

முப்பத்தாறு வருஷத்தில் அவரிடம் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அன்று மேடையில் டாக்டர் ஒருவர் இருந்தார், என்ஜினீயர்கள் இருந்தார்கள், நானும் இருந்தேன். எங்களில் யாரைப் பற்றியும் அவர் திண்ணையில் பேசவில்லை. நின்று போனவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு கொரோனா வருஷங்களில் நின்று போன இன்னும் நாலு பேரைச் சொன்னார். அவர்களில் இருவரைத் திரும்ப அழைத்து வந்துவிட்டாராம்.

நான் சொல்லிவிட்டேன். எப்படி ஆரம்பித்தேன் என்பது நினைவில்லை.

1992-ஆம் வருஷம் மார்ச் 4-ஆம் தேதி. மூன்று மணிக்கே என்னை வகுப்பிலிருந்து விடுவித்து, "போய்ச் சொல்லிவிட்டு வா" என்று அனுப்பினார். கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வாசலில் கூட்டம். சிட்னியில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிக்கொண்டிருந்தன. உலகக் கோப்பையில் இரண்டு அணிகளும் மோதியது அதுவே முதல் தடவை. பெரியவர்களின் இடுப்புக்கு நடுவே தலையை நுழைத்து நின்றுவிட்டேன். ஆட்டம் முடிந்தபோது, கொடிக்கால் பக்கம் போக நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. அந்தத் தெரு பத்து நிமிஷ நடைதான். மறுநாள் காலையில், அவர் கேட்பதற்கு முன்னாலேயே, "வீடு பூட்டியிருந்தது சார்" என்றேன். இப்போது பத்திரிகைகளில் எவ்வளவோ கட்டிக்கதை எழுதுகிறேன். அவ்வளவு சுருக்கமாக, யாரும் சந்தேகப்படாதபடி வேறொன்று எனக்கு அமையவில்லை.

சார் மேல்துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார். உள்ளே அவர் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கோபித்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தேன்.

"யார் ஜெயித்தார்கள்?" என்றார்.

"நாம்தான் சார். 43 ரன்."

"43" என்று சொல்லிக்கொண்டார், விடைத்தாளில் மதிப்பெண் போடுகிற மாதிரி. பிறகு எழுந்து வாசல் விளக்கைப் போட்டார்.

"அவன் அக்காளை வலங்கைமானில் கொடுத்திருந்தது. அவள் புருஷன் சைக்கிள் கடை வைத்திருந்தான். அங்கே விசாரித்தால் தெரியும். நீ எப்போது ஊருக்குக் கிளம்புகிறாய்?"

"நாளைக் காலையில் சார். டிக்கெட் வாங்கிவிட்டேன்."

"மத்தியானம் போயேன்" என்றார்.