வேரூன்ற ஒரு பிடி மண்

பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் வலம் வரும் மலை எங்கள் திருவண்ணாமலை. 14 கிலோமீட்டர் நடந்து முடித்ததும் அவரவர் ஊர் திரும்பிவிடுவர். அந்தக் கிரிவலப் பாதையிலுள்ள அடிஅண்ணாமலையிலோ, ஊர் திரும்ப இயலாமலே ஒரு தலைமுறை முதுமை எய்திவிட்டது. அங்குள்ள முகாமில் வாழும் இலங்கைத் தமிழரையே குறிப்பிடுகிறேன்.

1983 ஜூலைக் கலவரம் தொடங்கி, 2009இல் போர் முடியும்வரை, இத்தகைய குடும்பங்கள் அலை அலையாய்த் தமிழகக் கரை சேர்ந்தன. படகேறியபோது பலர் கையில் இருந்தவை ஒரு துணிமூட்டையும் ஒரு குழந்தையுந்தாம். வயலும் வள்ளமும் வைத்திருந்தவர்கள் இங்கே பெயின்ட் அடிக்கும் கூலிகளாயினர். பகலெல்லாம் சாரத்தில் நின்று பிறர் மாடிக்கு வண்ணம் பூசியவர், மாலையில் பத்தடிச் சதுர அறைக்குத் திரும்பினார். கூலியில் ஒரு பங்கு சோற்றுக்கு. மறுபங்கு பிள்ளையின் படிப்புக்கு.

இவர்கள் இழந்த நிலத்தைப் பற்றியே பேசுவார்கள் என்று எண்ணுவோம். நான் சந்தித்த பெற்றோரோ பிள்ளைகளின் மதிப்பெண்களைப் பற்றியே பேசினர். மன்னாரிலிருந்து வந்த ஒரு தாய் சொன்னார்: "எங்கட ஊர் போனது போகட்டும் ஃபாதர். பிள்ளையளுக்கு ஒரு ஊர் வேணும்."

அந்த ஊரைத் தருவது அத்தனை எளிதாயில்லை. 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தோர் பிறப்பால் குடியுரிமை பெற, பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும். எனவே தாய் தந்தை இருவரும் அகதிகளாயின், இம்மண்ணிலேயே பிறந்து, இங்கேயே பட்டம் பெற்ற பிள்ளையும் சட்டத்தின் முன் அந்நியனே. சுவருக்கு வண்ணம் பூசத் தடையில்லை. அந்தச் சுவருக்குள் அரசு அலுவலராய் அமர வழியில்லை.

ஆறுதலான செய்திகளும் உண்டு. 2021இல் தமிழக அரசு இம்முகாம்களை 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, உரிய ஆவணமின்றித் தங்கியிருப்பதற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் நடுவண் அரசு விலக்களித்தது. அச்சம் குறைந்தது, குடியுரிமை வரவில்லை.

நமது வேலூர் மறைமாவட்டம் உருவான அதே 1952ஆம் ஆண்டில், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் புலம்பெயர்ந்தோரைப் பற்றி ஒரு திருத்தூதுக் கொள்கை விளக்கம் வெளியிட்டார். எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பமே அகதிக் குடும்பங்கள் அனைத்திற்கும் முன்மாதிரி என்பது அதன் தொடக்கம். அதை எண்ணும்போதெல்லாம் என்னுள் ஒரு வினா எழும். எகிப்தில் சூசையப்பருக்குத் தச்சுவேலை கொடுத்தவர் யார்? குழந்தையோடு வந்தவர்களுக்கு இடம் தந்த வீட்டார் யார்? நற்செய்தியில் அவர்கள் பெயர் இல்லை. ஆயினும் யாரோ ஒருவர், ஊர் பேர் விசாரித்து விரட்டாமல், கதவைத் திறந்திருக்க வேண்டும்.

சட்டத்தைத் திருத்துதல் ஆள்வோர் கையில் இருக்கிறது. அதனை இடையறாது கேட்பது நம் கடமை. அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. முகாம் முகவரியோடு ஓர் இளைஞன் நம் நிறுவனத்திற்கு வேலை கேட்டு வரலாம். நம் வீட்டு மாடியறையை வாடகைக்குக் கேட்கலாம். முகவரியைக் கண்டதும் முகம் மாறாதிருப்போம். அவனுக்கு முன்னே, சாரத்தின்மேல் முப்பது ஆண்டுகள் நின்ற ஒரு தந்தை இருக்கிறார்.