வெள்ளக் கோடு

குளம்பில் அரம் உரசும் சத்தம் தேங்காய்ச் சிரட்டையைச் சுரண்டுவது போல இருந்தது. வாழைத்தோட்டத்து வேப்பமரத்தடியில், செவலைக் குதிரையின் முன்னங்காலைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு குனிந்திருந்தார் லாடக்கார அண்ணாச்சி. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஒரு இழுப்பு இழுப்பார்; காலைச் சற்றே விலக்கிப் பார்ப்பார்; விரலால் தடவுவார். பிறகு இன்னொரு இழுப்பு. கால் மணி நேரமாக நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நெல்மணி கனத்துக்கு மேல் அவர் எடுத்த மாதிரித் தெரியவில்லை.

"அவசரப்படக் கூடாது தம்பி. ஒரே நாள்ல அம்புட்டையும் வெட்டித் தள்ளிட்டா இது நாளைக்கு எந்திரிக்காது" என்றார் நிமிராமலே.

2024 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் பழையகாயல் பக்கத்துத் தோட்டம் அது. ஒரு மாதத்துக்கு முன்னால்தான், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், இந்த மாவட்டமே தண்ணீரில் மூழ்கியிருந்தது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையை மறந்து ஓடிய நாட்கள். தண்ணீர் வடிந்தபோது, உப்பளத்துக்குப் போகும் பாதையோரச் சகதியில் இந்தக் குதிரை நின்றுகொண்டிருந்திருக்கிறது. கழுத்தில் அறுந்த கயிறு. தேடி யாரும் வரவில்லை. வாழை முழுவதையும் வெள்ளத்துக்குக் கொடுத்திருந்த தோட்டக்காரர், தண்ணீர் காட்டிப் பொறுமையாக நடத்திக் கூட்டி வந்திருக்கிறார். அரை கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு முற்பகல் முழுவதும் பிடித்ததாம்.

"தோட்டமே போச்சி, இது எதுக்குன்னு ஊர்ல கேட்டாவ. நிக்க முடியாம நின்னுச்சி. விட்டுட்டு வர மனசு வரல" என்றார்.

வண்டிப் பந்தயத்தில் ஓடிய குதிரையாக இருக்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் கணிப்பு. நெஞ்சிலும் தோளிலும் வார்ப்பட்டை அறுத்த தழும்புகள். தென்மாவட்டங்களில் கோயில் கொடைக்கும் திருவிழாவுக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்தோடு குதிரைவண்டிப் பந்தயமும் நடப்பது வழக்கம். தார்ச்சாலையில் பாய்ச்சலாக ஓடிய கால்கள் தளர்ந்ததும், குதிரை கைமாறும். வாடகை வண்டி, மாப்பிள்ளை ஊர்வலம் என்று இறங்கி, கடைசியில் தீனி போட ஆளில்லாமல் தெருவுக்கு வந்து சேரும். வண்டி இழுக்கும் விலங்குகளுக்கென்று 1965-லேயே மத்திய அரசு விதிகள் வகுத்திருக்கிறது. நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 வரை வண்டியில் பூட்டவே கூடாது. ஆனால் எந்த விதியும், வேலை முடிந்துபோன குதிரைக்குக் கஞ்சி ஊற்றாது.

அன்று அந்தக் குளம்புகளைப் பார்த்தேன். முன்னங்கால் இரண்டிலும் நுனி செருப்பு மூக்கு மாதிரி நீண்டு வளைந்திருந்தது. மாதக்கணக்கில் மாற்றாத லாடம் ஒரு காலில் பாதி பிய்ந்து, ஆணி இருந்த இடங்களில் குளம்பு உடைந்து சிதறியிருந்தது. இன்னொரு காலில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. உள்ளங்குளம்பைத் திருப்பினால் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. வாரக்கணக்கில் ஈரத்தில் நின்றதால் நடுமெத்தின் இருபுறமும் அழுகிக் கறுத்திருந்தது.

குளம்பை வெறும் நகம் என்று நினைத்திருந்தேன். குதிரையைப் பார்க்க வந்திருந்த கால்நடை மருத்துவர் அம்மா அதைத் திருத்தினார். வெளிச்சுவர் நம் நகம் போன்றதுதான், வெட்டினால் வலிக்காது. ஆனால் அதற்குள்ளே ஓர் எலும்பு தொங்குகிறது. சுவரோடு அந்த எலும்பைப் பிடித்து வைத்திருப்பவை, புத்தகத் தாள்களைப் போல ஒன்றுக்குள் ஒன்று செருகிய நூற்றுக்கணக்கான மெல்லிய ஏடுகள். குதிரையின் முழு எடையும் அந்த ஏடுகளின் பிடியில்தான் இருக்கிறது. அவை வீங்கினால் வருவது லேமினைட்டிஸ். பிடி தளர்ந்தால் எலும்பே உள்ளுக்குள் சாய்ந்துவிடும். நடுவில் முக்கோணமாக இருக்கும் மெத்து, அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் அழுந்தி, காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏற உதவுகிறது. நடக்காத குதிரைக்குக் காலில் ரத்த ஓட்டமும் குன்றும்.

அவர் முதலில் கை வைத்தது குளம்பில் இல்லை. கணுக்காலின் பின்புறம் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தார். நல்ல காலில் அந்த நாடி தேடினால்தான் கிடைக்கும். இங்கே விரலைத் தள்ளிக்கொண்டு அடித்தது. அடுத்து முதுகு. கழுத்திலிருந்து இடுப்பு வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வந்தார். தோளிலும் முதுகின் நடுவிலும் தோல் சிலிர்த்து, குதிரை காதை மடக்கியது. முழங்காலுக்குக் கீழே குதிரைக்குத் தசையே கிடையாது, எல்லாம் நாணும் நாரும்தான் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அடியில் வலித்தால் அந்தச் சுமையை மேலே இருக்கும் தசைகள் ஏற்கின்றன. முன்னங்காலை ஊன்றப் பயந்து உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நின்று நின்று, முதுகு பலகையாக இறுகிவிட்டது.

"முதுகைத் தடவிக்கொடுக்கலாம், ஒத்தடம் கொடுக்கலாம். ஆனா பாதம் சரியாகாம முதுகு சரியாகாது" என்றார் மருத்துவர். வலி மருந்து எழுதினார். வலி குறைந்ததைப் பார்த்து நடக்கவிட்டால் கெட்ட காலையே மேலும் கெடுக்கும் என்று எச்சரித்தார். எலும்பும் தோலுமாக இருக்கிறதே என்று கொள்ளுப் பயறை வாளியில் கொட்டவும் தடை. பட்டினி கிடந்த வயிற்றில் தானியம் திடீரென்று இறங்கினால் அதன் வினை குளம்பில்தான் வெடிக்கும். வைக்கோல், அருகம்புல், சோளத்தட்டை. கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை.

பிறகு குளம்பின் மேல்விளிம்பை, மயிரும் குளம்பும் சேரும் இடத்தை, காட்டினார். அங்கேதான் குளம்பு பிறக்கிறது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகக் கீழே இறங்குகிறது. அந்த விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு வரி ஓடியது. விரலில் தட்டுப்படும் மெல்லிய பள்ளம். பட்டினியும் காய்ச்சலும் அதிர்ச்சியும் குளம்பில் இப்படிக் கோடாகப் பதியும். வெள்ளத்து நாட்கள் அங்கே எழுதப்பட்டிருந்தன.

"அந்தக் கோடு தரைக்கு வந்து சேர ஒரு வருசம் ஆவும். அதுவரைக்கும் பழைய குளம்புலதான் இது நிக்கணும்" என்றார் அண்ணாச்சி.

மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது நான் நினைத்துக்கொண்டிருந்தது இந்த மண்ணைத்தான். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதிய காயல் துறைமுகம் இதுவே என்று அடையாளம் காட்டியவர் கால்டுவெல். இங்கே அவர் தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. தாமிரபரணி வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டது. ஊர் இப்போது உள்ளே நிற்கிறது. அன்றைக்கு ஹோர்முஸ், கிஷ், ஏடன் கப்பல்கள் வந்து நின்ற துறை. இந்தக் கடலின் முத்து வெளியே போனது. பாண்டியருக்குக் குதிரை உள்ளே வந்தது.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கு மலைக்க வைப்பது. ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை, ஒன்றுக்கு 220 பொன் தீனார், வழியில் கடலில் செத்த குதிரைக்கும் சேர்த்து விலை. மார்க்கோ போலோ இன்னொரு பக்கத்தைச் சொல்கிறார். அரசரும் அவருடைய சகோதரர்களும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. குதிரை விற்கிற வணிகர்கள் லாடக்காரரை அழைத்து வருவதில்லை, வருகிறவரையும் தடுத்துவிடுகிறார்கள். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த கப்பலுக்கு விலை.

இதை மருத்துவரிடம் சொன்னேன். வறுத்த வாற்கோதுமை, நெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பால் கொடுத்து, நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்தார்கள் என்று வஸ்ஸாஃப் எழுதியிருப்பதையும் சொன்னேன். "கொழுத்த தீனி, நடையில்லாத நிற்பு. குளம்பைக் கெடுக்க இந்த ரெண்டே போதும்" என்றார் அவர். அந்த ஆயிரக்கணக்கான குதிரைகள் வெயிலிலும் நோயிலும் போரிலும் மடிந்திருக்கும். காரணத்தை இன்று சோதித்துச் சொல்ல வழியில்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை. குதிரை வாங்க அரசர் கொடுத்த பொன்னோடு போன அமைச்சரின் கதையை மாணிக்கவாசகர் பெயரால் நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறோம். சுழி பார்த்துக் குதிரை வாங்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. குனிந்து குளம்பைப் பார்த்தவனின் பெயர் எந்தக் கதையிலும் இல்லை.

மே மாதம் மறுபடி போனேன். விடியும் முன்னால் குதிரையைச் சிறு லாரியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். பலகையும் மணல் மூட்டையும் வைத்துச் சரிவு கட்டி, தானாக ஏறும்வரை காத்திருந்தார்கள். யாரும் கயிற்றைப் பிடித்து இழுக்கவில்லை. கரையில், அலை வந்து போன ஈர மணலில் மட்டுமே நடத்தினார்கள். உலர்ந்த மணலில் கால் புதைந்து நாண் இழுபடும். ஈர மணல் தாங்கவும் செய்யும், விட்டும் கொடுக்கும். அப்புறம் முழங்கால் அளவுத் தண்ணீரில் பத்து நிமிடம். தண்ணீர் காலைத் தாங்க, அலை தசையைப் பிசைந்தது. தோட்டக்காரரின் மகள்தான் கயிற்றைப் பிடித்திருந்தாள். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு விடுமுறையில் இருந்தாள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவிக் குளம்பைத் துடைத்தாள். ஈரத்திலேயே கிடந்தால் குளம்பு ஊறி மென்மையாகிவிடும்.

கடல் குணப்படுத்திய குதிரையின் கதை உலகம் அறிந்தது. இங்கிலாந்தில் ரெட் ரம் என்ற குதிரைக்குப் பாத எலும்பில் அழற்சி. அதைச் சவுத்போர்ட் கடற்கரை மணலிலும் உப்புத் தண்ணீரிலும் பழக்கினார் ஜிஞ்சர் மெக்கெய்ன். 1973, 1974, 1977 என மூன்று முறை கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்றது அது. செவலை எந்தப் பந்தயத்திலும் இனி ஓடப்போவதில்லை. அதற்குத் தேவை ஒன்றுதான், வலி இல்லாமல் நான்கு காலில் நிற்பது.

அன்று மாலை அண்ணாச்சி வந்தார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர். அழுகல் ஆறியிருந்தது. மருத்துவர் சொன்ன அளவில் மயில்துத்தக் கரைசல், தினமும் குளம்பைத் தோண்டிச் சுத்தம் செய்வது, காய்ந்த தரை, அவ்வளவுதான் வைத்தியம். பிப்ரவரியில் இடது குளம்புக்குள் சீழ் கட்டி, குதிரை மூன்று காலில் நின்ற ஒரு வாரமும் உண்டு. வளைகத்தியின் நுனியால் சிறு வழி திறந்து மருத்துவர் சீழை வடித்தார். அந்த வாரத்து இரவுகளில் தோட்டக்காரர் கயிற்றுக் கட்டிலைக் கொட்டிலிலேயே போட்டுக்கொண்டார். வெந்நீரில் நனைத்த சாக்கை முதுகில் போட்டு, அதன்மேல் உள்ளங்கையால் வட்டம் வட்டமாகத் தேய்த்தது மகள். இப்போது கை பட்டால் குதிரை காதை மடக்குவதில்லை. தலையைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடுகிறது.

அண்ணாச்சியின் தொழிலைப் பற்றிக் கேட்டேன். அவருடைய அப்பா மாட்டுக்கு லாடம் கட்டியவர். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நான்கு காலையும் சேர்த்துக் கட்டி, பிளந்த குளம்பு என்பதால் காலுக்கு இரண்டு தகடு வீதம் எட்டு அடிக்க வேண்டும். உப்பு மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாக நின்ற காலத்தில் சாப்பிட நேரம் இருக்காதாம். லாரி வந்தது, மாட்டுவண்டி போனது. குதிரைக்குக் கற்றுக்கொள்ள அவர் தனியாக அலைந்தார். குதிரையைச் சாய்க்கக் கூடாது. நிற்க வைத்தே, அது நம்பிக் கொடுக்கிற காலைத்தான் வாங்க வேண்டும்.

"மாட்டைக் கட்டிப் போட்டுச் செய்யலாம். குதிரைகிட்ட கேட்டுத்தான் செய்யணும்" என்றார். "லட்சம் கொடுத்துக் குதிரை வாங்குதாவ. காலுக்குன்னு கேட்டா அடுத்த மாசம் பாப்போம்னு சொல்லுதாவ." அவருடைய பையன்கள் இருவரும் துறைமுகத்தில் வேலை செய்கிறார்கள். அரம், குறடு, வளைகத்தி, சுத்தியல் நான்கும் ஒரு சாக்குப் பைக்குள் அடங்கிவிடுகின்றன. அவருக்குப் பிறகு அந்தப் பையை எடுக்க யாருமில்லை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வழிப்போக்கர் கண்டுகொண்ட அதே குறை, பொன் தீனாருக்குப் பதில் ரூபாயோடு, இன்னும் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

2025 பொங்கல் கழிந்து மூன்றாம் முறை போனபோது வாழை மறுபடி குலை தள்ளியிருந்தது. செவலை வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் நடந்து வந்தது. தலை ஏறி இறங்காத, ஒரே தாளத்தில் விழுகிற நடை. குனிந்து குளம்பைப் பார்த்தேன். மேலிருந்து நுனி வரை புதுக் குளம்பு, வழவழப்பாக, இறுகலாக. வெள்ளக் கோடு நுனியில், தரையைத் தொடும் இடத்தில் நின்றது. லாடம் அடிக்கவில்லை. இந்த மணலுக்கு இனி வெறுங்காலே போதும் என்று அண்ணாச்சி முடிவு செய்திருந்தார்.

குறடு நுனியைக் கவ்வியது. பிறை வடிவில் ஒரு துண்டு மண்ணில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன், அந்தப் பள்ளம் அதில் இருந்தது. தோட்டத்து நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் கையையே பார்த்தது. குளம்புச் சீவல் என்றால் நாய்களுக்கு உயிர். கொடுத்துவிட்டேன்.

அண்ணாச்சி அரத்தை எடுத்து விளிம்பை உருட்டி முடித்தார். முதுகை நிமிர்த்தி, கையைத் துடைத்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்திருந்த பெண்ணைப் பார்த்தார்.

"தாயி, கயித்தை அப்பாகிட்ட குடு. அடுத்த காலை நீ எடு."

அவள் தோளில் கை வைத்து, அப்படியே கீழே வருடிக்கொண்டு போய்க் கணுக்காலைத் தொட்டாள். சற்று நேரம் காத்திருந்தாள். செவலை எடையை மறுபக்கம் மாற்றி, காலைத் தூக்கி அவள் கையில் கொடுத்தது.