உங்கள் நாடு எது?

இன்றைக்கு ஒரு வலைத்தளம் தொடங்குவது கல்யாணப் பத்திரிகை அடிப்பதை விட எளிது. செலவும் குறைவு. ஆனால் வந்து பார்ப்பவர் தேடி வந்ததை எடுத்துக்கொண்டு போகும்படி அதை அமைப்பது மட்டும் இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஏன் என்று கொஞ்சம் பார்க்கலாம். கணினி படிக்காதவர்களும் தைரியமாகத் தொடரலாம். நிரல் ஒரு வரி கூட வராது!

கிராமம் என்று பெயர் வைக்கப் போய்...

முன்பெல்லாம் ஒரு பக்கத்தில் தொலைபேசி எண்ணை மாற்றுவதற்குக் கூட எச்.டி.எம்.எல். தெரிந்த ஒருவரைப் பிடிக்க வேண்டும். உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள் வந்த பிறகு அந்தத் தொல்லை போயிற்று. எழுதியது தரவுத்தளத்தில் தனியாக இருக்கும். தோற்றம் வார்ப்புருவில் தனியாக இருக்கும். வாசகர் கேட்கும்போது இரண்டையும் சேர்த்துப் பரிமாறும். மின்னஞ்சல் எழுதத் தெரிந்தவருக்கு இதுவும் வரும்.

இவற்றில் பேர் வாங்கிய மூன்றுமே திறமூல மென்பொருள்கள். ட்ரூபல் 2001-லும், வேர்ட்பிரஸ் 2003-லும், ஜூம்லா 2005-லும் வந்தன. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம்.

இதில் ட்ரூபல் பிறந்த கதை எனக்குப் பிடித்தமானது. பெல்ஜியம் நாட்டு ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் படித்த ட்ரீஸ் பாய்டார்ட் என்ற மாணவர், விடுதி நண்பர்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள ஒரு சின்னப் பலகையை எழுதினார். படிப்பு முடிந்ததும் அதை இணையத்தில் ஏற்ற நினைத்து, 'தோர்ப்' என்று பெயர் பதியப் போனார். டச்சு மொழியில் தோர்ப் என்றால் கிராமம். தட்டச்சில் எழுத்து இடம் மாறி 'ட்ராப்' ஆகிவிட்டது. ட்ராப் என்றால் துளி. துளிக்கு டச்சில் 'ட்ரூப்பல்'. அதிலிருந்துதான் ட்ரூபல் என்ற பெயர் வந்தது. ஆக, உலகம் முழுக்க ஓடும் ஒரு மென்பொருள் கிராமம் என்ற பெயரோடு பிறந்திருக்க வேண்டியது. ஒரு கிராமத்துக்கு அது எப்படி உதவும் என்று பார்ப்பதுதானே நியாயம்!

குண்டனி நாடு

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே 14 ஊராட்சிகள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, குண்டனி நாடு என்று எல்லாமே நாட்டில்தான் முடியும். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் இடம். சாமை, தினை, மிளகு, காபி, பலா, அன்னாசி விளையும் மண். என் வகுப்புத் தோழன் ஒருவனுக்குக் குண்டனி நாடுதான் ஊர். கல்லூரிச் செய்முறைக்காக அந்த ஊராட்சியை வைத்து ஒரு மாதிரித் தளம் செய்தோம். இணையத்தில் ஏற்றவில்லை. லேப்டாப்பே சர்வர். போன் ஹாட்ஸ்பாட் வழியாக யார் கைபேசியிலும் திறந்து பார்க்கலாம்.

முதல் கேள்வி, யார் வரப்போகிறார்கள் என்பது. இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒருவர் வெளியூர்க்காரர். ஆகாய கங்கை அருவிக்கு வழி வேண்டும், அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு நேரம் வேண்டும். எது எந்த நாட்டில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. இன்னொருவர் உள்ளூர்க்காரர். அவருக்கு அருவி வேண்டாம். பையனுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அதற்கு என்னென்ன தாள் வேண்டும், எங்கே கொடுப்பது? இந்த ஒரு பக்கம் சரியாக இருந்தால் ஒரு நாள் கூலி மிச்சம், இறங்கி ஏறும் பஸ் காசும் மிச்சம். அழகான அருவிப் படம் முகப்பை அடைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் நாலு சொடுக்குக்கு அப்பால் கிடந்தால் அந்தத் தளம் யாருக்காக?

பட்டியல் போடும் விதம்

பட்டியலை நாமே உட்கார்ந்து யோசிக்கக் கூடாது என்பது இந்தத் துறையின் பாலபாடம். அதற்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. தளத்தில் வரப்போகும் ஒவ்வொரு விஷயத்தையும் ஒரு அட்டையில் எழுதி, கலைத்துக் கொடுத்து, "எது எதோடு சேரும், அடுக்குங்கள்" என்று சொல்ல வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் இதற்குப் போதும்.

அரசுத் தளங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 'எங்களைப் பற்றி', 'சேவைகள்', 'திட்டங்கள்', 'துறைகள்' என்று வரும். அட்டை கொடுத்தவர்களில் ஒருவர் கூட அப்படி அடுக்கவில்லை. "இதுக்கு வி.ஏ.ஓ.வைப் பார்க்கணும், இதுக்குப் பஞ்சாயத்து ஆபீஸ், இது ரேஷன் கடை, இது பள்ளிக்கூடம்" என்று ஆளை வைத்து அடுக்கினார்கள். துறை என்பது அலுவலகத்துக்கு உள்ளே இருப்பவரின் கணக்கு. வெளியே நிற்பவருக்கு யாரைப் பார்ப்பது என்பதே கணக்கு.

ஐந்து பேர் போதும்

அமைத்த பிறகு சோதனை. இதற்குக் கண்ணாடி அறை, கேமரா எல்லாம் தேவையில்லை. ஜேக்கப் நீல்சன், தாமஸ் லேண்டவர் இருவரும் 1993-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். ஒரு பயனரை உட்கார வைத்துப் பார்த்தால், சராசரியாக, தளத்தில் உள்ள சிக்கல்களில் 31 சதவீதம் தெரிந்துவிடும். அடுத்தவர் அதே கல்லில் பெரும்பாலும் இடறுவார், புதிதாகச் சிலதும் காட்டுவார். ஐந்து பேர் முடிந்ததும் ஏறக்குறைய 85 சதவீதம் வெளியே வந்துவிடும். 15 பேரை ஒரே தடவை கூப்பிடுவதை விட, ஐந்து பேரைக் கூப்பிட்டு, திருத்தி, மறுபடி ஐந்து பேரைக் கூப்பிடுவது மேல் என்று நீல்சன் 2000-ல் எழுதினார். வெவ்வேறு வகை ஆட்கள் வரும் தளம் என்றால் ஒவ்வொரு வகையிலும் மூன்று நான்கு பேர் வேண்டும். சுற்றுலாக்காரர் ஐந்து பேரை வைத்துச் சோதித்துவிட்டு உள்ளூர்க்காரருக்கும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

விதிகள் எளிது. அவருடைய போனிலேயே பார்க்கச் சொல்ல வேண்டும். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும். கொடுக்கும் வேலையில் பட்டியலில் உள்ள சொல் வரக் கூடாது. 'சான்றிதழ்கள்' என்று பொத்தான் இருந்தால், "பையனைக் காலேஜில் சேர்க்கிறீங்க, சாதிக்கு என்ன தாள் கேக்குறாங்கன்னு பாருங்க" என்று கேட்க வேண்டும். அதன் பிறகு நம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி விதிதான் கடினம். விரல் தானாகத் திரைக்குப் போகும்!

இப்படிச் சோதிக்கும்போது அதிகம் காதில் விழுந்தது ஒரே ஒரு வாக்கியம்: "நமக்கு இதெல்லாம் தெரியாதுங்க தம்பி."

தோழனின் மாமா ஒருவர் தெருவிளக்குப் புகார்ப் படிவத்தை நிரப்பினார். பெயர் எழுதினார். ஊர் எழுதினார். அடுத்த கட்டத்தில் 'நாடு' என்று இருந்தது, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். படிவத்துக்கான கூடுதல் நிரலியோடு வந்த தமிழாக்கம் அது. ஆங்கிலத்தில் 'கன்ட்ரி' என்று இருப்பதைத் தமிழில் அப்படித்தானே எழுதுவார்கள்? மாமா கட்டத்தைத் தொட்டார். பட்டியல் ஆப்கானிஸ்தானில் தொடங்கியது. பொறுமையாகத் தள்ளிக்கொண்டே போனார். குவைத் வந்ததும் நிறுத்தி, "குவைத் எல்லாம் இருக்குது, குண்டனி இல்லையே தம்பி" என்றார்.

சிரிப்பு வந்தது உண்மைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், தப்பு யாருடையது? சோழர் காலக் கல்வெட்டுகளில் மண்டலம், வளநாடு, நாடு, ஊர் என்றுதான் அடுக்கு. சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அந்தப் பொருள் கொல்லிமலையில் இன்றும் உயிரோடு இருக்கிறது, ஊராட்சியின் அரசுப் பெயரிலேயே இருக்கிறது. "உங்கள் நாடு எது?" என்று கேட்டால் குண்டனி என்பதுதான் சரியான பதில். சரியாகப் பதில் சொன்ன மனிதரைப் படிவம் சிவப்பு எழுத்தில் திருப்பி அனுப்பியது. அவரோ போனை நீட்டி, "நீங்களே போட்டுடுங்க, நமக்குத் தெரியலை" என்றார்.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். கதவு திறக்கவில்லை என்றால் கதவைத் திட்டுகிறோம். கணினி திறக்கவில்லை என்றால் மட்டும் நம்மையே திட்டிக்கொள்கிறோம். பழங்குடி மக்கள் 'தெரியாது' என்று சொல்லும்படி ஏற்கெனவே எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். இன்னொரு மேசையாக ஒரு வலைத்தளமும் வேண்டுமா? சோதனை என்பது தளத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. இதை உட்காருபவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

திருத்துவது எளிதாக இருந்தது. திறமூல மென்பொருளில் திரையில் தெரியும் ஒவ்வொரு சொல்லும் ஒரு பட்டியலில் இருக்கும். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். வலப்பக்கத்தை யாரும் மாற்றலாம், யாரிடமும் மனுப் போட வேண்டாம். 'தேசம்' என்று மாற்றலாமா என்று பேச்சு வந்தது. கடைசியில் அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டோம். குண்டனி நாட்டுத் தெருவிளக்குக்குக் குவைத்திலிருந்து யார் புகார் எழுதப் போகிறார்கள்?

தமிழுக்கென்று சில சோதனைகள்

ஆங்கிலப் புத்தகங்களில் இல்லாத சோதனைகளும் உண்டு. முதலாவது தேடல் பெட்டி. 'கொல்லிமலை' என்ற சொல்லின் முதல் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யுனிகோடில் 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எழுத்து எழுத்தாக ஒப்பிடும் தேடலுக்கு மட்டும் இரண்டும் வேறு வேறு. கட்டுரை ஒரு விதமாகவும் தேடுபவர் இன்னொரு விதமாகவும் தட்டினால், கொல்லிமலைத் தளத்தில் கொல்லிமலை இல்லை என்று பதில் வரும்! விக்கிப்பீடியாவுக்கு அடியில் ஓடும் மீடியாவிக்கி, சேமிக்கும்போதே இதை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. நம் தளத்தில் இதைக் கவனித்தே ஆக வேண்டும். குண்டனி, குண்டணி என்று ஊர்ப் பெயரையே இரண்டு விதமாகத் தட்டுபவர்களையும் தேடல் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது முகவரி. தமிழ் எழுத்துகளை முகவரியில் வைத்தால், உள்ளே ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்து இடத்தைப் பிடிக்கும். 'கொல்லிமலை' மட்டும் 81 இடம். வேர்ட்பிரஸ் இதற்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். எனவே 22 குறியீடுகளுக்கு மேல் தலைப்பு போனால் முகவரி வெட்டுப்படும். வாட்ஸப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகள் ஊர்வலம் போகும். பக்கத்துக்குச் சின்ன முகவரியை நாமே கொடுத்துவிடுவது நல்லது.

மூன்றாவது பொத்தான். ஆங்கிலத்தில் நாலெழுத்துக்கு அளவெடுத்த சட்டையில் 'சமர்ப்பிக்கவும்' நுழையாது. வரி இடைவெளி குறைவாக இருந்தால் மேலே இகர ஈகாரச் சுழியும் கீழே உகரக் காலும் வெட்டுப்படும். வார்ப்புருவைத் தேர்ந்தெடுக்கும் முன்பே தமிழ்ப் பத்தி ஒன்றை ஒட்டிப் பார்த்துவிட வேண்டும்.

பெரியவர்களும் இப்படித்தான்

இதெல்லாம் மாணவர்கள் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். ட்ரூபல் குழுவினர் 2008-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்திலும் 2009-ல் பால்டிமோர் பல்கலைக்கழகத்திலும் புதியவர்களை உட்கார வைத்துப் பார்த்தார்கள். அங்கே கண்டதை வைத்து 2011 ஜனவரியில் வந்த ட்ரூபல் 7-ல் நிர்வாகத் திரையை மாற்றினார்கள். அப்போது சேர்த்த ஒரு மிதக்கும் சாளரம் சரிப்படாமல், 2015-ல் வந்த ட்ரூபல் 8-ல் எடுக்கப்பட்டது. வேர்ட்பிரஸ் 2008 மார்ச்சில் புதிய நிர்வாகத் திரையைக் கொண்டுவந்தது. சோதனையில் மக்கள் திணறியதைப் பார்த்து, அதே ஆண்டு டிசம்பரிலேயே பட்டியலை இடப்பக்கத்துக்கு மாற்றியது. அது இன்றும் அங்கேதான் இருக்கிறது.

திறமூலம் என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 புதிய எழுதுகருவியோடு வந்தபோது, பார்வையற்றோர் அதைப் பயன்படுத்த முடியவில்லை என்ற குறை பெரிதாக எழுந்தது. அணுகுதன்மைக் குழுவை நடத்திவந்தவர் அதற்கு இரண்டு மாதம் முன்பே விலகியிருந்தார். பிறகு பயனர்கள் சிலர் பணம் திரட்டி, வெளி நிபுணர்களை வைத்துச் சோதித்து, 2019-ல் அறிக்கையை எல்லோரும் படிக்க வெளியிட்டார்கள். குறையைக் கண்டுபிடிக்கவும் ஊரறியச் சொல்லவும் திருத்தவும் யாருக்கும் உரிமை உண்டு. திறமூலத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது இலவசம் என்பதை விட இதுதான்.

ஆகவே, உங்கள் ஊருக்கோ பள்ளிக்கோ ஒரு தளம் செய்ய நினைத்தால் வார்ப்புருவைத் தேடி இரவெல்லாம் விழிக்க வேண்டாம். அதை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். முதலில் ஐந்து பேரைப் பிடியுங்கள். அதில் இரண்டு பேராவது கணினி தெரியாது என்று சொல்பவர்களாக இருக்கட்டும். டீ வாங்கிக் கொடுங்கள். அவர்கள் போனையே கையில் வைத்துக்கொள்ளட்டும். அவர்கள் எங்கே நின்றுவிடுகிறார்களோ அங்கே ஒரு கோடு போட்டுக்கொண்டு வாருங்கள். சாயங்காலத்துக்குள் செய்ய வேண்டிய வேலைப் பட்டியல் தயாராகிவிடும்.