சின்ன டேர்போ காருக்கு ஒயில்: நாங்கள் காசு கொடுத்துப் படித்த பாடம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சின்ன எஞ்சின் கார் வைத்திருப்பவர்கள், அதுவும் டேர்போ உள்ள கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள். நாங்கள் மெக்கானிக் இல்லை. மூன்று ஆசிரியர்கள். கொட்டாஞ்சேனையில் குடியிருந்து வெள்ளவத்தையில் படிப்பிக்கிறவர்கள். எங்களுக்கு நடந்ததைச் சொன்னால் இன்னொருவருக்கு அந்தச் செலவு வராமல் போகலாம் என்றுதான் எழுதுகிறோம்.

கார் எங்களில் மூத்த டீச்சருடையது. சுசூகி வேகன் ஆர் ஸ்டிங்ரே, 658 சிசி, டேர்போ. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிற்க முன்பு அவருடைய கணவர் ஆசைப்பட்டு எடுத்தது. அவர் மறைந்த பிறகு கார் வீட்டு வாசலில் மூடிக் கிடந்தது. டீச்சருக்கு ஓடத் தெரியாது.

2022இல் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. வரிசை. பிறகு கியூஆர் அட்டை வந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். டீச்சர்தான் கேட்டார்: “தம்பிமார், கார் சும்மா கிடக்கு. நீங்க ஓடுங்க, நானும் வாறன். பெற்றோலுக்கு மட்டும் பங்கு போடுவம்.”

அன்றிலிருந்து மூன்று பேரும் ஒன்றாகத்தான் போய் வருகிறோம். புறக்கோட்டை, கோட்டை, காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை. ஒரு பக்கம் ஒன்பது கிலோமீற்றர் அளவு. நல்ல நாளில் முக்கால் மணித்தியாலம். மழை என்றால் கேட்கவே வேண்டாம்.

பெற்றோலுக்குச் சதக் கணக்கில் பங்கு பிரித்தோம். ஒயிலைப் பற்றி மூன்று பேரும் ஒரு நாளும் பேசவில்லை. பிழை அங்கேதான் தொடங்கியது.

நடந்தது என்ன?

2022 ஓகஸ்டில் காரை வெளியே எடுத்தபோது ஒரு சேர்விஸ் நிலையத்தில் ஒயில் மாற்றினோம். கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள்: அடுத்த சேர்விஸ் 10,000 கிலோமீற்றருக்குப் பிறகு. எங்களுக்குச் சந்தோஷம். நாங்கள் ஓடுவதோ குறைவு.

2023 நவம்பரில் ஒரு காலை, கொள்ளுப்பிட்டிச் சந்தியில் சிக்னல் விழுந்து காரை எடுத்தபோது பின்னால் நீலப் புகை. பக்கத்தில் நின்ற முச்சக்கர வண்டிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். பாடசாலைக்குப் போய் பொனெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை இழுத்தால் நுனியில் மட்டும் கறுப்பாக ஒரு துளி. ஸ்டிக்கரிலோ இன்னும் 3,000 கிலோமீற்றர் மிச்சம்.

அடுத்து இன்னொரு பிழை செய்தோம். வேறொரு கராஜில், “புகை வந்தா தடிச்ச ஒயில் போடுங்க, நிக்கும்” என்றார்கள். 20டபிள்யூ-50 ஊற்றினோம். இரண்டு கிழமை புகை குறைந்தது. பிறகு பொனெட்டுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். ஜனவரியில் கார் இழுக்கவே இல்லை.

கடைசியில் பஞ்சிகாவத்தையில் ஒரு நானாவிடம் கொண்டுபோனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: “ஒயில் மாத்தி எத்தின நாள் சேர்?”

“இன்னும் மூவாயிரம் கிலோமீற்றர் இருக்கும்போதே புகை வந்துட்டு நானா.”

“நான் மீற்றர் கேக்கல்ல. நாள் கேட்டேன்.”

கணக்குப் பார்த்தோம். பதினைந்து மாதம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டேர்போவைக் கழற்றி, அதற்கு ஒயில் போகும் மெல்லிய குழாயை எங்கள் கையில் தந்தார். உள்ளே கரி பிடித்து ஊசித் துவாரம் அளவுதான் வழி இருந்தது.

டேர்போவுக்கு ஒயில் ஏன் இவ்வளவு முக்கியம்?

நானா சொன்னதையும் பிறகு நாங்கள் தேடிப் படித்ததையும் வகுப்பில் சொல்வது போலச் சொல்கிறோம்.

எஞ்சினிலிருந்து வெளியே போகும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். சின்ன எஞ்சின் பெரிய எஞ்சின் மாதிரி இழுப்பது அதனால்தான். அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது ஒயில். தண்டுக்கும் அதைச் சுற்றியுள்ள உலோகத்துக்கும் இடையில் முடியை விட மெல்லிய ஒரு ஒயில் படலம் மட்டும்தான் இருக்கும். ஒரு பக்கம் தீயாய்க் கொதிக்கும் புகை. அந்தச் சூட்டையும் இதே ஒயில்தான் இழுத்துக்கொண்டு போகவேண்டும். பழைய ஒயில் அந்தச் சூட்டில் கருகிக் கரியாகப் படியும். குழாய் அடைபடும். படலம் அறும். தண்டு தேயும். பிறகு ஒயில் புகைக் குழாய்க்குள் கசியும். நாங்கள் கண்ட நீலப் புகை அதுதான்.

இன்னொன்று: இந்தச் சின்ன எஞ்சினுக்குள் இருப்பது மொத்தமே மூன்று லீற்றர் அளவு ஒயில். வேலை அதிகம், ஒயில் குறைவு. பெரிய காரில் அரை லீற்றர் குறைந்தால் தாங்கும். இதில் அது ஆறில் ஒரு பங்கு.

10,000 எங்கிருந்து வந்தது?

காருக்குள் ஜப்பான் மொழிக் கையேடு ஒன்று பிளாஸ்டிக் உறையோடு கிடந்தது. நாலு வருடமாக யாரும் திறக்கவில்லை. போன் கமெராவால் மொழிபெயர்த்து வாசித்தோம். டேர்போ இல்லாத காருக்கு ஒரு வரி, டேர்போ காருக்கு வேறு வரி. டேர்போ இல்லாததற்கு 10,000 கிலோமீற்றர். டேர்போவுக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அது. கடினமான பாவனை என்றால் அதிலும் பாதி: 2,500 கிலோமீற்றர் அல்லது 3 மாதம்.

கொழும்பில் ஓடுவது பெரும்பாலும் டேர்போ இல்லாத வேகன் ஆர். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்று. அதற்குரிய கணக்கை எங்கள் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்கள். நாங்களும் கேட்கவில்லை.

கடினமான பாவனை என்றால் மலையேறுவது, காட்டுப் பாதையில் போவது என்று நினைத்திருந்தோம். ஜப்பான்காரர் சொல்வது: 8 கிலோமீற்றருக்குள் அடிக்கடி ஓடுவது, 30 கிலோமீற்றர் வேகத்துக்குக் கீழேயே ஓடுவது, நின்ற இடத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருப்பது. காலி வீதியில் காலை ஏழு மணிக்கு நாங்கள் செய்வது வேறு என்ன? ஒயில் நன்றாகச் சூடேறி, அதில் சேர்ந்த நீரும் பெற்றோலும் ஆவியாகிப் போகமுன் பயணம் முடிந்துவிடுகிறது. குறைவாக ஓடினால் ஒயில் நீடிக்கும் என்று நினைத்தோம். குறைவாக, மெதுவாக ஓடியதால்தான் அது கெட்டது.

எங்கள் கணக்கையே பாருங்கள். மாதம் 450 கிலோமீற்றர் ஓடுகிறோம். 10,000 ஓடி முடிக்க 22 மாதம் வேண்டும். மீற்றரை மட்டும் பார்த்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எந்த ஒயில்?

இது சுசூகிக்காரர்களின் பிரச்சினை மட்டும் இல்லை. எங்கள் நாட்டில் எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து வரி போட்டதால் 1,000 சிசிக்குள் அடங்கும் டேர்போ கார்கள் நிறைய வந்தன. ஒரு லீற்றர் ஹொண்டா சிவிக்கை வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கையிலும் காணலாம். இப்போது ஒரு லீற்றர் டொயோட்டா ரைஸும் ஓடுகிறது. அதனால் பொதுவாகச் சொல்கிறோம்.

முதலாவது, தடிப்பு. 5டபிள்யூ-30 என்றால் முன்னால் உள்ள எண் குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பது. பின்னால் உள்ளது சூடேறிய பிறகு எவ்வளவு தடிப்பு என்பது. எங்கள் கையேட்டில் இருந்தது 5டபிள்யூ-30. ஹைபிரிட் காருக்குப் போடும் மெல்லிய 0டபிள்யூ-20ஐ “அதுவும் வேகன் ஆர்தானே” என்று ஊற்றக்கூடாது. அதேபோல் 20டபிள்யூ-50ஐயும் ஊற்றக்கூடாது. காலையில் இயக்கும்போது அந்தத் தடித்த ஒயில் மெல்லிய குழாய் வழியே டேர்போவை அடையத் தாமதமாகும். புகையை மறைக்கும், நோயைக் கூட்டும். எங்களுக்கு நடந்தது அதுதான்.

இரண்டாவது, தரம். கேனின் பின்பக்கம் ஏபிஐ என்ற வட்டத்துக்குள் உள்ள எழுத்தைப் பாருங்கள். எஸ்பி என்பது 2020இல் வந்த தரம். சிவிக் போல பெற்றோலை நேரடியாக சிலிண்டருக்குள் தெளிக்கும் டேர்போ எஞ்சின்களில், மெதுவாகப் போகும்போது திடீரென அழுத்தி மிதித்தால் பெற்றோல் நேரத்துக்கு முன் பற்றி பிஸ்டனையே உடைக்கும் ஒரு சிக்கல் உண்டு. அதைத் தடுக்கும் சோதனையும் டைமிங் செயின் தேய்வுக்கான சோதனையும் இந்தத் தரத்தில் உள்ளன. ஃபுல் சிந்தெடிக் என்றால் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். டேர்போவுக்கு அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மூன்றாவது, ஃபோர்டின் ஒரு லீற்றர் ஈகோபூஸ்ட் மாதிரி சில எஞ்சின்களில் டைமிங் பெல்ட் ஒயிலுக்குள்ளேயே ஓடும். பிழையான ஒயில் அந்த றப்பரைக் கரைக்கும். கரைந்த துகள் ஒயில் வழியை அடைக்கும். அப்படிப்பட்ட காருக்குக் கம்பனி சொன்ன இலக்கம் கேனில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

நான்காவது, திறந்த கேனிலிருந்து ஊற்ற விடவேண்டாம். சீல் உடைப்பதைக் கண்ணால் பாருங்கள். வெறும் கேனைக் குத்தி ஓட்டையாக்கிவிட்டு வாருங்கள். போலி ஒயில் அந்த வெறும் கேனில்தான் திரும்பி வருகிறது.

ஐரோப்பாவில் சில கார்களுக்கு 30,000 கிலோமீற்றர், 2 வருடம் என்று போட்டிருப்பதை யூடியூபில் பார்த்து ஏமாற வேண்டாம். அது நீண்ட தூரம் ஒரே வேகத்தில் ஓடுகிறவர்களுக்கு, அதற்கென்றே செய்த ஒயிலோடு.

நாங்கள் எடுத்த முடிவு

கையேட்டில் ஒரு பக்கம் 6 மாதம், மறுபக்கம் 3 மாதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் சம்பளத்துக்குக் கஷ்டம். ஆறு மாதம் விட இனிப் பயம். பஞ்சிகாவத்தை நானாவோடு பேசி நடுவில் நின்றோம்: நாலு மாதம். பாடசாலைத் தவணை வருடத்துக்கு மூன்று என்பதால் ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. தவணை முடிந்தால் ஒயிலும் பில்டரும் மாறும். ஸ்டிக்கரில் கிலோமீற்றருக்கு மேலே திகதியை எழுதுகிறோம். திங்கட்கிழமை காலை, காரை இயக்க முன், சமதரையில் நிறுத்தி டிப்ஸ்டிக் பார்க்கிறோம். இரண்டு கோட்டுக்கும் நடுவுக்குக் கீழே போனால் அதே ஒயிலைக் கொஞ்சம் சேர்க்கிறோம்.

அதிவேகப் பாதையில் போய் இறங்கினால் உடனே சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துகிறோம். தினசரி காலி வீதிப் பயணத்துக்கு அது தேவையில்லை. கடைசி அரை மணித்தியாலமும் ஊர்ந்துதானே வருகிறோம்.

வீட்டில் மாற்றுகிறவர்களுக்கு ஒன்று: பழைய ஒயிலைக் கானுக்குள் ஊற்றாதீர்கள். அது வெள்ளவத்தைக் கால்வாய் வழியே நேராகக் கடலுக்குத்தான் போகும். கேனில் அடைத்து கராஜில் கொடுங்கள்.

கடைசியாக

டேர்போ மாற்றி, குழாய் மாற்றி, எஞ்சினைக் கழுவி எடுக்க வந்த காசில் நாலு வருடத்துக்கு நல்ல ஒயில் போட்டிருக்கலாம். பில்லைப் பார்த்த டீச்சர், “கார் என்டது, நான்தான் கட்டவேணும்” என்றார். நாங்கள் இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. கார் அவருடையது, உண்மை. ஆனால் பதினைந்து மாதமாக ஸ்டியரிங்கைப் பிடித்தது எங்கள் கை. பொனெட்டை ஒரு நாளாவது திறந்து பார்த்திருக்க வேண்டியதும் அதே கைதான். அடுத்தவர் பொருள் நம் கையில் இருக்கும்வரை அது அமானிதம். பெற்றோல் போட்டால் மட்டும் அதன் கடமை முடியாது.

கடைசியில் மூன்றாகப் பிரித்தோம். டீச்சர் அரை மனதோடுதான் சம்மதித்தார். அடுத்த நாள் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து காருக்குள் வைத்தார். மாதச் சம்பளம் வந்ததும் மூன்று பேரும் அதற்குள் கொஞ்சம் போடுகிறோம். மூடியில் அவர் கையெழுத்தில் “ஒயில்” என்று எழுதியிருக்கிறது.

அல்ஹம்துலில்லாஹ், கார் இப்போது நன்றாக ஓடுகிறது. உங்கள் கண்ணாடியில் உள்ள ஸ்டிக்கரை இன்று ஒருமுறை பாருங்கள். அதில் திகதி இருக்கிறதா? அது உங்கள் எஞ்சினுக்குரிய கணக்குத்தானா? விஷயம் தெரிந்த மெக்கானிக் நானாமார், அண்ணாமார் இதில் பிழை இருந்தால் கீழே திருத்துங்கள். படிக்கத் தயாராக இருக்கிறோம்.