இருபது முகத் தாயக்கட்டை

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், இப்போது பக்ரறியில் இரவு வேலை. எழுத்துப் பிழை இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

சனிக்கிழமைகளில் என் மகனும் மூன்று சிநேகிதரும் மல்வேர்னில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ‘டஞ்சன்ஸ் அன்ட் ட்றாகன்ஸ்’ விளையாடுவார்கள். இதென்ன பேய் விளையாட்டு என்று முதலில் ஏசினேன். 1974இல் அமெரிக்காவில் கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி வெளிவந்ததாம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி முடிவெடுக்க வேண்டும். இருபது முகக் கட்டையும் உண்டு. ஊரில் நாங்கள் விளையாடிய தாயத்தில் எண் விழுந்த பிறகுதான் காய் நகரும். இதில் முடிவு முதல், கட்டை பிறகு. எடுத்த முடிவு சரிவருமா என்பதை மட்டும் கட்டை சொல்லும்.

போன கிழமை மகனின் வைத்தியனுக்குச் சோதனை வந்தது. பின்னால் பகைவர், முன்னால் ஆறு, பக்கத்தில் நடக்கமாட்டாத ஒரு கிழவி. தூக்கினால் இருவருக்கும் ஆபத்து.

“அப்பா, நீங்கள் எண்டால் என்ன செய்வியள்?”

தேத்தண்ணி போடுவதுபோல் திரும்பிவிட்டேன். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளிக்கிட்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. காலில் காயப்பட்ட பெரியம்மா பங்கருக்குள் இருந்தா. “நீ போ மோனை” என்றா. போனேன்.

மகன் கிழவியைத் தூக்கினான். கட்டையில் 4 விழுந்தது. வைத்தியன் ஆற்றோடு போய்விட்டான். பொடியன் அழவில்லை. புதுத் தாள் எடுத்து வேறொரு பாத்திரம் எழுதத் தொடங்கினான்.

சிநேகிதர் போனபின் முதன்முதலாக அவனுக்குப் பெரியம்மாவைப் பற்றிச் சொன்னேன். வேலைக்கு நேரமாகிவிட்டதால் பாதியில் நிறுத்தினேன். மிச்சத்தை ஒவ்வொரு நாளும் கேட்கிறான்.