ஓதம் ஏறிய சுவர்

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

வடக்குச் சுவரிலிருந்து முறம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து துளசி மாடத்தின் மேல் விழுந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த என் வீட்டுக்காரர், "இனிமேல் தள்ளிப்போட முடியாது" என்றார். ஆறு வருஷமாக இவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

2018 ஆகஸ்டில் இந்த வீட்டுக்குள் நாலடித் தண்ணீர் நின்றது. 9ஆம் தேதி இடுக்கியில் செறுதோணி அணையின் ஷட்டரை 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தார்கள். அதைக் களமசேரியில் உட்கார்ந்து டிவியில் வேடிக்கை பார்த்தோம். 15ஆம் தேதி நெடும்பாசேரி விமான நிலையத்தை மூடினார்கள். அப்போதும் நமக்கென்ன என்றுதான் இருந்தோம். மறுநாள் காலை முட்டாறு தெருவுக்கு வந்துவிட்டது. பெரியாற்றிலிருந்து பிரிந்து ஏலூரைத் தீவாக்கும் கை அது. கடலோரத்து மீனவர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டுவந்த படகில்தான் வெளியேறினோம். திரும்பி வந்தபோது முழங்கால் சேறு, கிணற்றில் பிளீச்சிங் பவுடர், பிறகு அரசு கொடுத்த 10,000 ரூபாய்.

உள்ளே எல்லாவற்றையும் சரிசெய்தோம். வெளிச்சுவருக்கு மட்டும் பெயிண்ட் அடித்து மூடினோம், மூன்று தடவை. மூன்று தடவையும் இரண்டாவது மழைக்காலத்துக்குள் அதே நாலடி உயரத்தில் பழுப்புக்கோடு மேலே வந்து நின்றது. கோட்டுக்குக் கீழே விரலால் தேய்த்தால் வெள்ளையாக மாவு உதிரும். நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன். உப்பு.

பிப்ரவரி 13

கான்ட்ராக்டர் வந்தார். டேப்பைப் பிடித்துச் சுற்றிவந்துவிட்டுக் கணக்குச் சொன்னார்: நாலடி உயரத்துக்குக் கல் மாதிரி டைல், அதற்கு மேல் நீர் புகாத பெயிண்ட், முற்றத்தில் ஒன்றரை அடி செம்மண் கொட்டி இன்டர்லாக் கட்டை, மதிலை இரண்டடி உயர்த்திக் கேட்டுக்குப் புது கிரில். "வீடு சும்மா ஜம்மென்று இருக்கும் டீச்சரே." இவருக்கு இன்டர்லாக் பிடித்துப்போயிற்று. கார் நிறுத்தச் சேறாகாதாம்.

எனக்கு டைல் பிடிக்கவில்லை. வியர்க்குரு வந்த உடம்பில் நைலான் சட்டை மாட்டுவதுபோல் பட்டது. யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வாத்துருத்தியிலிருந்து மேஸ்திரி அண்ணன் வந்தார். சோழவந்தான்காரர். கொச்சிக்கு வந்து நாற்பது வருஷம் ஆகிறது. வந்த புதிதில் ஒரு வீட்டில் "செங்கல் இறக்கணும்" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பினால், லாரி நிறைய வெட்டுகல் நின்றதாம். இங்கே செங்கல் என்றால் நம் ஊர்ச் செம்பூராங்கல். நம் செங்கல்லுக்கு இங்கே இஷ்டிகை. "அன்னைக்கு வாங்கின ஏச்சுல மலையாளம் பாதி படிச்சிட்டேன்" என்றார்.

எங்கள் வீடும் வெட்டுகல்தான். 1986இல் கட்டியது, மேலே சிமெண்டுப் பூச்சு. அவர் உளியால் ஓர் இடத்தைத் தட்டினார். மண்பானையைத் தட்டுகிற மாதிரி டொக்கு டொக்கென்றது. பூச்சுக்கும் கல்லுக்கும் உறவு விட்டுப்போயிருக்கிறது.

"சிமெண்டு மழைக்கோட்டு மாதிரி டீச்சர். வெளித்தண்ணியை உள்ள விடாது, சரி. உள்ள வேர்த்ததையும் வெளிய விடாது."

வெட்டுகல் முழுக்கத் துளை. தரையின் ஈரம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அதில் ஏறுகிறது. ஈரம் காய்கிற இடத்தில், அது சுமந்துவந்த உப்பு தங்கிப் படிகமாகிப் பருத்து, பூச்சைப் பின்னாலிருந்து நெம்புகிறது. கடல் இங்கிருந்து தூரம்தானே என்று தோன்றும். ஆனால் உப்புநீர் ஆற்றில் மேலேறாமலிருக்க மஞ்ஞும்மலிலும் பாதாளத்திலும் தடுப்பு கட்டியிருக்கிறார்கள் என்றால், கடல் அதுவரை வந்துபோகிறது என்றுதானே அர்த்தம். (பாதாளம் ஓர் இடத்தின் பெயர். ஏலூர் பஸ்ஸில் போர்டு பார்த்துத் திடுக்கிடாத தமிழர் இல்லை.)

அவர் சொன்ன வழி: சிமெண்டைச் சுத்தமாகக் கொத்தி எறி. கல்லைக் காயவிடு. உப்பைத் துடைப்பத்தால் உதறு. பிறகு சுண்ணாம்புக் காரை பூசு. "நாள் பிடிக்கும். அவசரம்னா வேற ஆளைப் பாருங்க."

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

முற்றத்துக்கு மண் அடிப்பதற்கு முன் மட்டம் பார்த்துவிடலாம் என்றார் மேஸ்திரி. ரசமட்டம் இதற்கு எட்டாது. இருபது மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் தட்டி எடுத்து, ஒரு முனையை வடக்குச் சுவரின் பழுப்புக்கோட்டில் வைத்து என்னைப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையோடு அவர் நடந்தார். என் முனையில் தண்ணீர் கோட்டில் நிற்கும்போது நான் "ம்" என்பேன், அவர் அங்கே நீலச் சாக்பீஸால் கோடு போடுவார். தூண், ஜன்னல், மின்மீட்டர் பெட்டி, மதில் என்று ஒவ்வொன்றாக. ஒரு மணி நேரத்தில் 2018இன் வெள்ளம் நீலக்கோடாக வீட்டைச் சுற்றி மறுபடி வந்து நின்றது. மீட்டர் பெட்டி கோட்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. இத்தனை நாள் கண்ணில் படவில்லை.

பிறகு குழாயை மதில் மேலாகப் பக்கத்து வீட்டு அம்மச்சியின் அடுக்களைக்குக் கொண்டுபோனார். அங்கே கோடு ஜன்னலுக்கும் மேலே விழுந்தது. அடுக்களைத் தரையையும் எங்கள் முற்றத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். எங்கள் முற்றம் ஏற்கெனவே முக்கால் அடி உயரம். 2010இல் நாங்கள் மதில் கட்டி இரண்டு லாரி மண் அடித்தோமே, அதன் புண்ணியம். அதற்கு முன் அம்மச்சியின் முற்றத்து மழைநீர் எங்கள் கொல்லை வழியாகத்தான் பின்னாலுள்ள தோட்டுக்கு, அதாவது ஓடைக்கு, போய்க்கொண்டிருந்தது.

இதன் மேல் ஒன்றரை அடி போட்டால்?

அம்மச்சி குழாயையும் கோட்டையும் பார்த்துக்கொண்டே நின்றார். எண்பது வயசு. 1924 வெள்ளத்தை, அவர்கள் சொல்கிற 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளத்தை', தன் அம்மா சொல்லக் கேட்டவர். கொல்லம் ஆண்டு 1099 அது. எங்களுக்குக் கட்டன் சாயா கொடுத்துவிட்டு, சண்டை தொனியே இல்லாமல் சொன்னார்:

"பதினெட்டில் எல்லார்க்கும் வெள்ளம் வந்நு. கழிஞ்ஞ கொல்லம் எனிக்கு மாத்ரம்."

போன வருஷம் அவருக்கு மட்டும். 2024 மே 28 அன்று இங்கே குசாட் பல்கலைக்கழகத்தின் மழைமானியில் ஒன்றரை மணி நேரத்தில் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் பதிவானது. எங்கள் மூலேப்பாடம் முழுக்க வீடுகளுக்குள் தண்ணீர். மலையாளத்தில் பாடம் என்றால் வயல். பெயரிலேயே வயலை வைத்துக்கொண்டு அதற்குள் குடியிருக்கிறோம். அன்று எங்கள் வீட்டில் வாசற்படியோடு நின்றது என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எங்கே போய் நின்றது என்று கேட்டுக்கொள்ளவில்லை.

சாயா தொண்டையில் இறங்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

மட்டாஞ்சேரி. அத்தையைப் பார்க்கவும், சுண்ணாம்புச் சுவர் பார்க்கவும். மேஸ்திரியும் கூட வந்தார்.

முதலில் அரண்மனை. 1555 வாக்கில் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது. 1663இல் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் பெயர் மட்டும் டச்சு அரண்மனை. பழுதுபார்த்தவனுக்குப் பெயர் போவது கொத்தனாருக்கு இனிக்கிற செய்தி, மேஸ்திரி இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். உள்ளே ராமாயண ஓவியங்களை எல்லோரும் பார்க்க, மேஸ்திரி வெளிச்சுவரின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பஜார் ரோட்டுக் கிட்டங்கிகளில் பாடம் இன்னும் தெளிவு. பழைய காரை பொரிந்தாலும் கல் முழுசாக இருக்கிறது. இடையில் யாரோ சிமெண்டு வைத்து அடைத்த இடத்தைச் சுற்றித்தான் கல் அரித்துக் குழிந்திருக்கிறது.

அத்தை வீடு ராமேஸ்வரம் தோட்டுக்குப் பக்கத்துச் சந்தில். அமாவாசை கழிந்து மூன்றாம் நாள். மழை பெய்து எத்தனையோ நாளாகிறது, ஆனாலும் சாக்கடை விளிம்பு வரை ததும்பி நின்றது. வேலியேற்றம். கடல் ஏறும்போது தோடு பின்வாங்கிக் குடியிருப்புக்குள் வருகிறது. மார்கழி, தையில் படி தாண்டிக் கூடத்துக்கே வருமாம். வாசலில் ஓரடி உயரத்துக்குக் குறுக்குச்சுவர் கட்டி, அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். தெருவுக்கு ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகிறது.

"பாத்து வாடி, சுவர்ல சாயாதே, ஓதம் ஏறியிருக்கு" என்றாள் அத்தை. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "இன்னிக்கு ஓதம் அதிகம்" என்றாள். முதலில் சொன்னது சுவரின் ஈரம், இரண்டாவது கடலின் ஏற்றம். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் என்பது அகராதியில் படித்ததுதான். அத்தை வீட்டில் இரண்டும் ஒன்றுதான்.

மார்ச் 9

சுண்ணாம்பு வந்தது. வேம்பநாட்டுக் காயலில் வாரிச் சுட்ட கருத்த கக்கா, நம் கிளிஞ்சல். இதே காயலின் ஓட்டை எடுத்துத்தான் கோட்டயத்தில் டிராவன்கோர் சிமெண்ட்ஸ் 'வேம்பநாடு' வெள்ளைச் சிமெண்டு செய்தது.

இரும்புத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டதும் முதலில் ஒன்றுமில்லை. பிறகு சீறல். பிறகு கொதி. ஓடுகள் பூப்போல வாய் பிளந்து மாவாகச் சரிந்தன. கண்ணை எரித்தது. நீற்றின சுண்ணாம்பைத் தண்ணீருக்குள்ளேயே ஒரு மாதம் ஊறவிட வேண்டும். தயிர்ப் பதம் வரணும் என்கிறார் மேஸ்திரி. கடுக்காய் ஊறலும் வெல்லப்பாகும் சேர்ப்பாராம். இவர் முணுமுணுத்தார்: "சுவருக்குப் பாயசமா?"

மார்ச் 22

இன்டர்லாக் சண்டை முடிந்தது. கார்ச்சக்கரம் ஓட மட்டும் இரண்டு பட்டை கல், மீதி வெறும் மண். கொல்லையில் 2010இன் மண்ணை வெட்டி எடுத்து, அம்மச்சியின் மதிலிலிருந்து பின்மதில் வரை முழ அகலத்தில் வாய்க்கால். இரண்டு மதிலிலும் அடியில் ஓட்டை. "பாம்பு வரும்" என்றார் இவர். கம்பிவலை வைத்தாயிற்று. தோடே நிறைந்துவிட்டால் தண்ணீர் எதிர்த்திசையில் வந்து எங்களிடமும் ஏறும். அதற்கு இந்த வாய்க்கால் பதில் இல்லை என்பதும் தெரியும்.

மீட்டர் பெட்டி நீலக்கோட்டுக்கு மேலே போயிற்று.

ஏப்ரல் 8

முதல் பூச்சு. சிமெண்டைக் கொத்தி எறிந்து காயவிட்ட கல்சுவரை நனைத்து, சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. மணியாஸ்கட்டையால் அழுத்தி அழுத்தித் தேய்க்கிறார். சிமெண்டு மாதிரி அன்றைக்கே இறுகாது. காற்றிலிருக்கும் கரியமிலவாயுவை இழுத்து மெதுவாகத்தான் கல்லாகும். வெயில் படாமல் நனைத்த சாக்குத் தொங்கவிட்டிருக்கிறோம். வீடு பார்க்க அம்மை போட்ட மாதிரி இருக்கிறது.

ஜன்னல் மரத்துக்கு எண்ணெய் பூச வந்த பையன் கண்ணமாலிக்காரன். செல்லானத்தில் 344 கோடி ரூபாயில் ஏழு கிலோமீட்டருக்கும் மேலாக டெட்ராபாட் கடற்சுவர் போட்டார்களே, அது புத்தன்தோட்டோடு நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார்கள். வடக்கே இவன் ஊரில் முன்னைவிட மோசம் என்கிறான். "கடலுக்குத் தேஷ்யம் தீரணுமே டீச்சரே, அங்கே இடிக்க முடியாததை இங்கே வந்து இடிக்குது." சுவர் வேண்டாமென்று அவன் சொல்லவில்லை. தன் ஊருக்கும் வேண்டுமென்கிறான். பாதியில் நிற்கிற சுவரைவிடக் கொடுமை இல்லை என்று எனக்கும் தோன்றுகிறது.

மே 6

தெற்கு, கிழக்கு, மேற்கு மூன்று பக்கமும் மூன்று பூச்சு முடிந்தது. வடக்குக்கு இரண்டாவதுதான் ஆகியிருக்கிறது.

மே 8

மேஸ்திரி ஊருக்குக் கிளம்பினார். 12ஆம் தேதி அழகர் ஆற்றில் இறங்குகிறார், எத்தனை கூலி கொடுத்தாலும் ஆள் நிற்காது. "ஜூன் ஒண்ணாந்தேதிதானே மழை? அதுக்குள்ள வந்து முடிச்சிடறேன்" என்றார். வைகையில் தண்ணீர் விடச் சொல்லி வேண்டிக்கொள்கிற ஊர்க்காரர், இங்கே தண்ணீர் வராமலிருக்க வேலை பார்க்கிறார்.

மே 24

மழை ஜூனுக்குக் காத்திருக்கவில்லை. பருவமழை இன்று தொடங்கிவிட்டதாக வானிலைத் துறை அறிவித்தது. வழக்கத்துக்கு எட்டு நாள் முன்னால், 2009க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லையாம். வடக்குச் சுவருக்குத் தார்ப்பாய் கட்டினோம். காற்று அதைப் பிடுங்கித் தென்னையில் மாட்டியது.

மே 25

640 கண்டெய்னர்களோடு ஒரு கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியிருக்கிறது. கண்ணமாலிப் பையன் வேலைக்கு வரவில்லை.

இரவெல்லாம் மழை. இரண்டு மணிக்கு டார்ச்சோடு கொல்லைக்குப் போனேன். அம்மச்சியின் முற்றத்துத் தண்ணீர் ஓட்டை வழியாக வந்து, வாய்க்காலில் கலங்கலாக ஓடி, பின்மதிலைத் தாண்டித் தோட்டில் விழுந்துகொண்டிருந்தது. அவர் அடுக்களை விளக்கு எரிந்தது. ஜன்னலில் நின்று அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 29

வடக்குச் சுவரின் பூச்சு சன்ஷேடுக்குக் கீழே மட்டும் நிற்கிறது, மற்ற இடத்தில் கரைந்து வெட்டுகல் தெரிகிறது. நீலக்கோடும் போய்விட்டது. மேஸ்திரி போனில் வருத்தப்பட்டார். கல் காயாமல் தொடக்கூடாது, ஐப்பசித் துலாவர்ஷமும் முடியட்டும் என்றார். தை பிறந்ததும் வருகிறார். முன்பணம் அனுப்பியாயிற்று.