நீலச் சோறு

இயற்கையான உணவுப்பொருள்களில் மிக அரிய நிறம் நீலம். பச்சைக்குக் கீரை, சிவப்புக்கு மிளகாய், கருப்புக்கு உளுந்தும் எள்ளும் என்று சொல்லிக்கொண்டே போகலாம். நீலத்துக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடும். நாவற்பழம் தின்ற பிள்ளைகள் நீட்டிக் காட்டும் நாக்கு ஊதா நிறமே. புளூபெர்ரியை நசுக்கினால் வருவதும் செவ்வூதாச் சாறுதான். அந்தப் பழத்தோலின் மேல் படர்ந்த மெழுகின் நுண்ணிய அமைப்பு நீல ஒளியைச் சிதறடிப்பதால்தான் அது நீலமாகத் தெரிகிறது என்று பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் விளக்கினார்கள். மெழுகை விரலால் துடைத்துவிட்டால் அடியில் இருக்கும் கருமை வெளிப்படும்.

நாவல், புளூபெர்ரி, கத்தரித்தோல், ஊதா முட்டைகோஸ் எல்லாவற்றுக்கும் நிறம் தருவது ஆந்தோசயனின் என்ற ஒரே குடும்பத்து நிறமிகள். புளிப்பில் இவை சிவக்கும்; புளிப்பு குறையக் குறைய ஊதாவுக்கும் நீலத்துக்கும் நகரும். பழச்சாறுகள் பெரும்பாலும் புளிப்பானவை. நீலம் அரிதாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் ஹோப்பி மக்கள் இந்த வேதியியலைச் சாம்பலைக்கொண்டு வசப்படுத்தினார்கள். நீலச் சோளம் என்று பெயர் பெற்ற அவர்களுடைய மக்காச்சோளத்தின் மாவு, வெறும் நீரில் கரைத்தால் சாம்பல் கலந்த ஊதாவாக மங்கிவிடும். அதில் செடிச் சாம்பல் கரைத்த நீரைச் சேர்த்தால் காரத்தன்மையால் நீலம் எழும்பும். சூடேறிய தட்டைக்கல்லில் அந்த மாவை வெறுங்கையால் மெல்லிசாகப் பூசி, வெந்ததும் உரித்துச் சுருட்டுவார்கள். அதுதான் பிக்கி ரொட்டி. பிரான்சின் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டியில் ஓடும் நீலம் வேறு வகை: அது பூஞ்சையின் நிறம்.

இவை எல்லாவற்றையும்விட நம்பகமான நீலம் ஒரு வேலிக்கொடியில் பூக்கிறது. சங்குப்பூ, காக்கணம், காக்கட்டான் என்றெல்லாம் அழைக்கப்படும் கொடி அது. அதன் நீலப் பூவில் இருக்கும் ஆந்தோசயனின்களுக்கு டெர்னாட்டின் என்று பெயர். மூலக்கூறின் நடுப்பகுதியை அதன் பக்கக்கிளைகளே மடிந்து மூடிக் காப்பதால், மற்றப் பூக்களின் சாயம் வெளுத்துப்போகும் இடத்திலும் இது தாக்குப்பிடிக்கிறது.

கைப்பிடிப் பூவை வெந்நீரில் போட்டால் முதலில் இதழோரத்திலிருந்து நீலம் இழைஇழையாக இறங்கும். சில நிமிடங்களில் இதழ்கள் சாயம் போன பழந்துணியாக வெளிறிக் கிடக்க, நீர் அடர்நீலமாகியிருக்கும். அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் விழுந்த இடத்திலிருந்து ஊதா பரவும். இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பை எட்டும். ஆப்பசோடாவைச் சிட்டிகை போட்டால் நீர் பச்சைப்பக்கம் சாயும். தாய்லாந்தில் தேனும் எலுமிச்சையும் சேர்த்து இதைப் பானமாகக் குடிக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பூவின் உண்மையான பெருமை மலேசியாவின் கிளந்தான் மாநிலத்துச் சோற்றில் இருக்கிறது. நாசி கெராபு என்பது அதன் பெயர். பூவைக் கசக்கி வடித்த நீரில் அரிசியை வேகவைக்கிறார்கள். பூவுக்கென்று சொல்லும்படியான சுவை கிடையாது. அது நிறத்தை மட்டுமே தருகிறது. சுவையெல்லாம் சுற்றியுள்ளவற்றின் வேலை. பொடியாக அரிந்த பச்சைத் தழைகள், முளைப்பயறு, வறுத்து இடித்த தேங்காய், பொரித்த மீன், உப்பு முட்டை, மீன் அப்பளம் எல்லாம் வட்டமாக அடுக்கப்படும். நெத்திலியை உப்பிட்டுப் புளிக்கவைத்த பூடு என்ற சாற்றை மேலே விட்டுப் பிசைவார்கள். நீலச் சோறு மஞ்சளும் பச்சையும் கலந்து கையில் திரளும்போது, நீலம் பசியைக் குறைக்கும் நிறம் என்று அடிக்கடி சொல்லப்படுவதை நம்ப முடியாது. அதைக் கிளந்தானில் சொன்னால் எடுபடாது.

அவசரத்துக்குச் செயற்கைச் சாயம் கலப்பவர்களும் உண்டு. கண்டுபிடிப்பது எளிது: ஓரத்தில் எலுமிச்சை பிழிந்தால் பூவின் நீலம் ஊதாவாகும், பிரில்லியன்ட் புளூ போன்ற சாயம் அப்படியே இருக்கும். சீன, மலாய் மரபுகள் கலந்த பெரனாக்கான் குடும்பங்கள் ஒட்டரிசியில் ஒரு பங்கை மட்டும் இந்தப் பூநீரில் தோய்த்து, வெள்ளையோடு கலந்து தேங்காய்ப்பாலில் ஆவியில் வேகவைத்து, பளு வைத்து அழுத்தித் துண்டு போடுகிறார்கள். பூலூட் தாய் தாய் எனப்படும் அதன் நீலத் திட்டுகள் ஒருபோதும் ஒரே மாதிரி அமைவதில்லை. அழகே அதில்தான்.

தமிழருக்கு இந்தக் கொடி மிகப் பழைய அறிமுகம். குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் பூக்களில் வெண்ணிறச் செருவிளையும் நீலநிறக் கருவிளையும் அடுத்தடுத்து வருகின்றன. அதற்குப் பிறகும் அது பூசைக்கும் மருந்துக்கும் பயன்பட்டதே தவிர, சோற்றுப்பானைப் பக்கம் பெரிதாக வரவில்லை. இத்தனை நல்ல நிறம் வேலியிலேயே உதிர்ந்துபோவது வருத்தத்துக்குரியது.

உணவுச் சட்டங்கள் இந்தப் பூவைப் பற்றி இன்னும் ஒத்துப்போகவில்லை. அமெரிக்கா 2021-இல் இதன் சாற்றை உணவு நிறமியாக ஏற்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2022-இல் உலர்பூவுக்கு ஆட்சேபம் எழுப்பியது. செடியில் உள்ள சைக்ளோடைடு என்னும் புரதத் துணுக்குகள் பற்றிய ஐயமே அதற்குக் காரணம். வேரும் விதையும் பேதி உண்டாக்குவது நாட்டு மருத்துவம் நன்கறிந்த செய்தி. ஆகவே சமைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் அடிக்காம்பின் பச்சைப் புல்லியைக் கிள்ளிவிட்டு இதழை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விதையையும் வேரையும் அடுப்படிக்குக் கொண்டுவர வேண்டாம்.